காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறேன்.
பாலக்கோடு தாண்டி, புளியமரங்கள் முடிகிற இடத்தில்
பச்சைப் பலகை.
இதுவரை யாரும் வழி தவறியதில்லை.

வேதியியல் படித்தவன். இருபது வருஷமாகத் தொகுப்பூதியம்.
எத்தனாலின் வாய்பாட்டைக் கேட்டால் இப்போதும் சொல்வேன்.
குவார்ட்டர்தான் கேட்கிறார்கள்.

நோட்டுகளை வாசனையால் பிரிக்கத் தெரியும் எனக்கு.
பச்சைக் காம்பின் நெடி என்றால் தக்காளி மண்டி.
மே மாதம் விரலில் ஒட்டினால் மாங்கூழ்த் தொழிற்சாலை.
சிமெண்ட் மணக்கும் ஐநூறு,
பெங்களூரில் ஆறு நாள் சென்ட்ரிங் அடித்துவிட்டு
சனிக்கிழமை பஸ்ஸில் இறங்கியது.
வீட்டுக்குப் போகிற வழியில் நான் இருக்கிறேன்.

புதன்கிழமைகளில் பெருமா வருவாள்,
உரச்சாக்கில் காலி பாட்டில்களோடு.
வரிசை தானாக விலகும்.
பங்காளி ஒருவன் செல்போனைப் பார்ப்பான், அது அணைந்திருக்கும்.
ஸ்டிக்கர் கிழியாத பாட்டிலுக்குப் பத்து ரூபாய்
திருப்பித் தரவேண்டும் என்று உத்தரவு.
பதினொன்றுக்கு நூற்றுப்பத்து. எண்ணிக் கொடுப்பேன்.
விற்கும்போது விலைக்கு மேல் நான் வாங்குகிற பத்துக்கு
உத்தரவு இல்லை.
அதையும் எண்ணுவேன்.

ஒருநாள் கேட்டாள்:
"இதுல கவர்மெண்டுக்கு எவ்ளோண்ணா?"
"பெரும்பகுதி."
"பெரும்பகுதின்னா?"
சிகரெட் அட்டையின் பின்னால் ஒரு பாட்டில் வரைந்து
கழுத்துக்குக் கொஞ்சம் கீழே கோடு கிழித்தேன்.
"இதுவரைக்கும்."
அட்டையை வாங்கி மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை
தருமபுரி கலெக்டர் ஆபீசில் ஒரு மனு.
கடையை மூடுங்கள் என்று அதில் எங்கும் இல்லை.

'என் வீட்டுக்காரர் சென்றாயன் மூலமாக
பதினாலு வருடமாக நான் அரசாங்கத்துக்கு வரி கட்டி வருகிறேன்.
நூறு நாள் வேலைக் கூலியில் கட்டினேன்.
கறவை மாட்டை விற்றுக் கட்டினேன்.
மூத்தவள் காதில் கிடந்ததைக் கழற்றிக் கட்டினேன்.
அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளையும்
இரண்டு மாதத்தில் உங்களிடமே திருப்பிக் கட்டிவிட்டேன்.
கட்டியதற்கு என் பெயரில்
ஒரு ரசீது தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

மனுவுக்கு எண் விழுந்தது.
உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று செல்போனில் செய்தி வந்தது.
உரிய துறை,
மாவட்ட மேலாளர் மேசையிலிருந்து இறங்கி இறங்கி
என் கல்லாப்பெட்டிக்கு வந்து சேர்ந்தது:
'மனுதாரருக்கு நேரில் விளக்கம் அளித்து அறிக்கை அனுப்பவும்.'

என்ன விளக்க?
மூடினால் ஓசூர் தாண்டி அந்தப் பக்கம் கர்நாடகம்.
பெட்ரோலுக்கும் சேர்த்துக் கடன் வாங்கிப் போவான் சென்றாயன்.
திரும்பும்போது ராயக்கோட்டை வளைவில் லாரி வரும், வராமலும் இருக்கும்.
காட்டோரம் ஊறல் போட்ட காலத்தில்
பெருமாவின் அண்ணனுக்கு முதல் நாள் கண் போனது,
மூன்றாம் நாள் ஆளே போனான். அவளே சொன்னதுதான்.
மூடாவிட்டால்
புதன்தோறும் அவள் முழங்கையைப்
பார்க்காத மாதிரி பார்க்கவேண்டும் நான்.
இந்தப் பணத்தில்தான் ஆஸ்பத்திரி ஓடுகிறது என்கிறார்கள்.
இருக்கலாம். அந்த முழங்கைக்குக் கட்டுப் போட்டது
அங்கேதான்.

ராத்திரி பத்து. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
'கோரிக்கையை ஏற்க வழிவகை இல்லை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'வரி செலுத்தியவர்: பெருமா' என்று எழுதினேன்.
தொகை என்ற இடத்தில் பேனா நின்றது.
மேசை மேல் அன்றைய வசூல், ரப்பர் பேண்டு போட்டு,
வங்கி வேனுக்காகக் காத்திருந்தது.

புதன்கிழமை ஒன்பது பாட்டில்.
தொண்ணூறு ரூபாயை முந்தானையில் முடிந்தபடி கேட்டாள்:
"ரசீது வந்துச்சாண்ணா?"
"பரிசீலனையில இருக்கு" என்றது என் வாய்.

"சரி" என்றாள்,
"வர்ற வரைக்கும்
நீ கோடு போட்ட அட்டை எங்கிட்டதான் இருக்கு."