கட்டைவிரலோரப் பள்ளம்

முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது,
அவ்வளவுதான் என்றார் டாக்டர்.
அந்த அவ்வளவுதானை
அபர்டீனிலிருந்து பீட்டர்ஹெட் வரை பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன், தளும்பாமல்.
எல்லனில் டிரைவர் பிரேக் போட்டான்.
பாதி சிந்திவிட்டது.

இருபத்தாறு வருஷமாய்
ஹாடக் மீனை முள்ளிலிருந்து பிரிக்கிற கை.
போன மாதம் இரண்டு தடவை
கத்தி தானாகவே இறங்கிப்
பலகைமேல் படுத்துக்கொண்டது.
ஐஸில் கிடக்கிற கை மரத்துத்தான் போகும்
என்கிறாள் எதிர்மேஜை மோராக்.

மரத்துப்போனால் நல்லது, மோராக்.
வாட்டி ஸ்ட்ரகனைத் தின்ற வியாதி
உணர்ச்சியைத் தொடவே தொடாதாம்.
கடைசிவரை அவருக்கு எல்லாம் தெரிந்தது:
கன்னத்தில் உட்கார்ந்த ஈ,
அதை ஓட்ட எழாத கை.
முதலில் சட்டைப் பொத்தான்தான் என்பார்கள்,
ஒரே ஒரு பொத்தான்.

ஆகையால் ராத்திரி குளியலறையில்
சுண்டுவிரல் நுனியை ஊசியால் குத்துகிறேன்.
வலிக்கவில்லை.
சந்தோஷமாய் இருக்கிறது.
மறுபடி குத்துகிறேன். லேசாக வலிக்கிறதோ?

கட்டைவிரலோரம் சதை வற்றி ஒரு பள்ளம்.
தண்ணீர் விட்டால் நிற்கிறது.
அதற்கும் நசுங்கிய நரம்பே காரணம் என்றார்.
மற்றதாகவும் இருக்கலாமா என்று
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.
படுத்தால் கெண்டைக்கால் துடிக்கிறது.
பெயர் சும்மாவா வைத்தார்கள்,
தோலுக்கடியில் உயிரோடு ஒரு மீன்.
முழங்கைக்கும் இதற்கும் என்ன உறவு?
பக்கத்தில் டூகல் அசையாமல் கிடக்கிறான்.
தூங்குகிறவன் இவ்வளவு அசையாமல் கிடக்கமாட்டான்.

பத்தொன்பதாம் தேதி ஊசிச் சோதனை.
தசைக்குள் ஊசியை இறக்கி,
சும்மா இருக்கும்போது
அது சும்மாதான் இருக்கிறதா என்று
ஒலிபெருக்கி வைத்துக் கேட்பார்களாம்.

இன்று காலை
பீட்ரூட் ஜாடியின் மூடி ஒரே திருகில் திறந்தது.
சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்,
சத்தமாக.
பிறகு ஜாம். பிறகு தேன். காப்பித்தூள்.
எல்லா மூடியும் தளர்ந்தே இருந்தன,
விடியுமுன் வேலைக்குப் போகிற ஒருவன்
வரிசையாய்த் திருகி வைத்துவிட்டுப் போன மாதிரி.

ஒவ்வொன்றாய் மறுபடி இறுக்கினேன்,
முடிந்த மட்டும்.
எவ்வளவு முடிந்தது என்று
நாளை விடியுமுன்
அவன் கைக்குத் தெரியும்.