பன்னிரண்டாவது ஜன்னல்

பதினொன்று எரியும். பன்னிரண்டாவது எரியாது.
கீழ்க்கணக்கு லயத்து வாசலில்
தகர வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று
துரை பங்களா ஜன்னல்களை எண்ணுவோம்,
மழை விட்ட இரவுகளில்.

அதற்குள் ஐஸ் வைத்திருக்கிறார்கள் என்பாள் ரோஸ்மேரி.
செத்த துரையின் குதிரை பஞ்சடைத்து நிற்கிறது,
இது செல்லமுத்து.
ஒன்றுமே இல்லை, அதனால்தான் விளக்கில்லை என்றேன் நான்.
இருவரும் சேர்ந்து என்னை அடித்தார்கள்.

குகநேசனுக்கு இதெல்லாம் தெரியாது.
பத்தாவது கலியாண நாளுக்கென்று
மூன்று மாதம் முன்பே பதிவு செய்திருந்தான்.
நோர்வூட் தாண்டி வளைவுகள் தொடங்கும்போதுதான்
"உம்மட ஊர்ப் பக்கம்தானே?" என்றான்.
பக்கம்தான்.
கொழுந்து லொறிக்குப் பின்னால் நாங்கள் ஓடிய வளைவு.
கேட்டைத் திறந்தவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.
நீட்டிய ஈரத் துவாயில் சேரைப் புல் மணம்.

மரப்படி ஏறும் சுவர் நெடுகப் படங்கள்:
மீசைத் துரைமார்,
சுட்டு விழுத்திய ஒரு சிறுத்தை,
கூடை சுமந்து வரிசையில் நாற்பது பெண்கள்.
துரைமாருக்குக் கீழே பேர் எழுதியிருந்தது.
சிறுத்தைக்குக் கீழே இடமும் தேதியும்.

சாவியோடு முன்னால் போன லோகேந்திரன்
நடையின் கடைசிக் கதவில் நின்றான்.
நான் எண்ணிக்கொண்டேதான் வந்திருந்தேன்.

துணி அலுமாரி அறையாம், அந்தக் காலத்தில்.
கட்டில் விரிப்பு, தலையணை உறை,
அவ்வளவுதான், செல்லமுத்து.
இப்போது சிங்கக்கால் வைத்த தொட்டி,
திருகினால் ஆவி பறக்க வெந்நீர்.
விரல் நுனி திரையும்வரை
கழுத்தளவு அமிழ்ந்து கிடந்தேன்.
சுகமாயிருந்தது.
அதைச் சொல்லத்தான் கூச்சம்.

இரவு ஜன்னலடியில் போய்க் கீழே பார்த்தால்
தலையில் துவாய் சுற்றிய என் முகம்.
விளக்கை அணைத்தேன்.
கண் பழகக் கொஞ்ச நேரம்; பிறகு
தகரக் கூரைகள், ஒற்றைப் பல்பு,
யாரோ பீடி இழுக்கும் சிவப்புப் புள்ளி.
போட்டேன்: நான்.
அணைத்தேன்: அவர்கள்.
எரிந்தால் அங்கிருந்து என்னைப் பார்க்கலாம்.
அணைந்தால் இங்கிருந்து அவர்களைப் பார்க்கலாம்.
இரண்டும் ஒருசேர நடக்க
இந்தக் கண்ணாடியில் வழியில்லை.

"என்னப்பா செய்யிறீர், பல்பு போகப் போகுது."
போர்வைக்குள்ளிருந்து குகநேசன்.
கடைசியில் எரியவிட்டே படுத்தேன்.
அவன் தலையணையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

காலையில், முட்டை எப்படி வேண்டும் என்று
இங்கிலீஷில் கேட்ட லோகேந்திரன்
தேநீர் ஊற்றும்போது குனிந்து, தமிழில்:
"ராவு முழுக்க லைட் எரிஞ்சிச்சாமே, மேடம்.
விடிய வேலைக்கு வாறப்போ புள்ள கேட்டா,
அந்த ரூம்ல யாரு தூங்காம இருக்கான்னு."

"என்ன சொன்னீங்க?"

"யாரோ சோதனைக்குப் படிக்கிறாங்க, நீயும் படின்னு
அதட்டிட்டு வந்தேன்."