முடுக்கு

சிங்கப்பூர் மச்சான் விட்டுப்போன பெட்டியை
டிவியில் செருகி கேசட்டை ஓட்டினால்
எட்டு நிமிஷம்
கொதிக்கிற எண்ணெயில் ஈரக் காரல் போட்ட சத்தம்.
பிறகு படமே இல்லை, எழுத்து மட்டும்:

இருட்டில் நிற்கிறாய். கிழக்கே ஒரு வழி.

அதன் இங்கிலீஷை எங்கள் பேச்சுக்கு மாற்றித்தான்
உள்ளே போவேன்.
'விளக்கை எடு' என்றால் எடுக்கும்.
'கொஞ்சம் எடேன்' என்றால் புரியாது.
'உன் வாப்பா மாதிரியே' என்றாள் ராவியத்து.

பத்தாம் நாள்,
எங்கே திரும்பினாலும் அதே பாதை.
தம்பி ஜபருல்லா அழுதே விட்டான்,
பெரிய தெரு மட்டும் தெரிந்தவன்.
நான் கீழக்கரையின் முடுக்குகளில் வளர்ந்தவள்.
ஆம்பளை நுழையாத சந்து
ஒரு கொல்லையில் மறைந்து
மூணாம் வீட்டு அடுப்படியில் முளைக்கும்.
கிழக்கு, கிழக்கு, தெற்கு, மறுபடி கிழக்கு.
கதவு திறந்தது.

கடல் கேட்கிறது

என்று ஒரு வரி.
கரண்ட் போய்விட்டது.
சேமிக்கவில்லை.

விளக்கின்றி நடந்தால் குழியில் விழுவாய் என்று
அது எத்தனை தடவை சொல்லியிருக்கும்!
செருப்பைத் தேடாமல் எழுந்தேன்,
ராவியத்திடம் சொல்ல.
இடது கை சுவரில்,
உப்புப் பூத்த சுண்ணாம்பு,
பதினேழு எட்டு,
ஒரு படி.