வேண்டாம் என்பதற்கான கட்டம்

முதல் மனுவில் எழுதினேன்:
ஐயா, ஸ்மார்ட் மீட்டர் எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.
அதற்குமேல் பேனா நகரவில்லை.
வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
பஸ் நின்ற நாற்பது நிமிடத்தில்
இரண்டாவது மனுவை மடியில் வைத்தே எழுதினேன்.
சுவரில் ஈரம், புதுப்பெட்டி தாங்காது.
வீட்டில் கைக்குழந்தை, கதிர்வீச்சு ஆகாது.
கைக்குழந்தைக்கு இப்போது எட்டு வயது.
அதை அடித்துவிட்டு
பழைய மீட்டர் நன்றாகவே ஓடுகிறது என்று முடித்தேன்.
அது பொய்யில்லை.

உதவிப் பொறியாளர் மனுவைப் பார்த்தார்,
வெள்ளை அட்டையைப் பார்த்தார்.
"பஞ்சாட்சரம் யாரு?"
மாமனார்.
"அவர்தானே நுகர்வோர். அவரை வரச் சொல்லுங்க."
அவர் போய்ப் பதினோரு வருஷம் சார்.
"அப்ப சம்மதிக்கவும் அவர்தான் வரணும்,
மறுக்கவும் அவர்தான் வரணும்"
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
சட்டத்தில் இடம் இருக்கா சார் என்றேன்.
மின்விசிறியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.
"சர்க்குலர் வரட்டும்மா."

உண்மையான காரணத்தை எந்த மனுவிலும் எழுத முடியாது.
பத்தரைக்குமேல், பிள்ளை தூங்கியபின்,
மோட்டார் வைத்த தையல் மிஷினை ஓட்டுகிறேன்.
மன்னார்குடி ஜவுளிக்கடைக்கு
ராத்திரிக்குப் பன்னிரண்டு ஜாக்கெட்.
வீட்டு இணைப்பில் கடைவேலை.
இரண்டு மாதத்துக்கு ஒருதரம் கணக்கெடுக்க வரும் சகாயமேரி
துணித் துண்டுகளை மிதித்துக்கொண்டுதான்
மீட்டருக்கு எக்குவாள்.
எண்ணைக் குறிப்பாள், எதுவும் கேட்டதில்லை.
போன தீபாவளிக்கு அவள் மகள் பாவாடைக்கு
நானும் கூலி கேட்கவில்லை.
புதுப்பெட்டி கால்மணிக்கு ஒருதரம் எழுதி வைக்குமாம்.
பதினொன்றே கால், பதினொன்றரை,
காஜா எடுக்க மோட்டாரை அணைத்த நேரம்,
விளக்கை மட்டும் எரியவிட்டு
சும்மா அழுதுகொண்டிருந்த நேரம்.
அதற்குப் பாவாடை தைத்துத் தர முடியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
இரண்டு வருஷம் முன்னால் இதே நான்தான்
தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தேன்,
மேலே அணையில் திறப்பதை ஊரறிய அளக்கணும்,
மணிக்கு மணி கணக்குக் காட்டணும் என்று.
மூன்று நாள் தொண்டை கட்டிக் கிடந்தது.
மூணாற்றுத் தலைப்பில், ஷட்டர் பக்கத்துச் சுவரில்,
வெள்ளையும் கறுப்புமாய் அடிக்கணக்கு எழுதியிருக்கும்.
தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்க்காமல்
அந்தப் பாலத்தை ஒருநாளும் தாண்டியதில்லை.
அளவு தெரிந்தால்தான் சண்டையே போட முடியும்.
மேலே இருப்பவர்களும்
இப்படித்தான் ஒவ்வொரு காரணமாய்
எழுதி எழுதி அடித்திருப்பார்களோ?

நேற்றுப் பையன் வந்தான்.
ஒப்பந்தக்காரரின் ஆள், பெயர் மாதையன்,
ஊர் மேச்சேரி, மேட்டூர்ப் பக்கம்.
தண்ணியும் அங்கேருந்துதான் வரணும்,
இதுவும் அங்கேருந்துதானா என்றேன்.
புரியாமல் சிரித்தான். தோளில் தொங்கிய பையில் எட்டுப் பெட்டி.
நிலைப்படியில் நின்றேன்.
மறிப்பதுபோல் இருந்ததா தெரியவில்லை,
கழுத்தில் இன்ச் டேப்.
"வேண்டாம் தம்பி."
"வேணாம்னு போட இதுல கட்டமே இல்லக்கா."
செல்லைத் திருப்பிக் காட்டினான்.
பொருத்தியாச்சு.
கதவு பூட்டு.
நாய்.
எங்களிடம் நாய் இல்லை.

ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தான்.
பிறகு என் முகத்தைப் பார்த்தபடியே
கதவு பூட்டு என்பதைத் தொட்டான்.
"மூணு தடவைதான்க்கா பூட்டியிருக்கலாம்."

அவன் சைக்கிள் திரும்பிய பிறகும்
திறந்த கதவில் நின்றிருந்தேன்,
ஊரில் இல்லாதவளாக.

ராத்திரி மீட்டர்ச் சக்கரம் வழக்கம்போல் சுற்றியது.
கறுப்புக் கோடு வந்தது, போனது, வந்தது.
பன்னிரண்டாவது ஜாக்கெட்டுக்குக் கழுத்து வைக்கையில்
எண்ணிக்கொண்டேன்:
இன்னும் இரண்டு.