இரண்டு விரற்கடை

செம்மண்டலம் திருப்பத்தில்
நின்றுவிட்டது என் சமையலறை,
டிரெய்லர் மேல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு.
லைன்மேன் தணிகாசலம் மூங்கிலால் கம்பியை உயர்த்த
மெல்ல நுழைந்து வந்தது.

தானே புயலில் போன கூரைக்கு
நானே மேஸ்திரி என்று கிளம்பியவள்.
கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை;
தேவனாம்பட்டினம் பக்கம் வானம் கறுக்கிறது.

படுக்கையறை சரியாக உட்கார்ந்தது.
சமையலறை அந்தரத்தில் ஆடுகிறது.
அஸ்திவாரத்து போல்ட் ஒன்று
இரண்டு விரற்கடை தள்ளி முளைத்திருக்கிறது.

“எந்தக் கான்ட்ராக்டர்ம்மா அளந்தான்?
கூப்பிடுங்க அவனை!”
திட்டவும் கூலியில் பிடிக்கவும்
எனக்கும் ஆசைதான்.
இன்ச் டேப் என் இடுப்பில் தொங்குகிறது.

பிளேட்டில் துளையை நீட்டச் சொல்லிவிட்டு
நிமிர்கிறேன்.
பால் காய்ச்ச இன்னும் நாள் குறிக்கவில்லை;
தொங்கும் ஜன்னலில்
வந்து உட்கார்ந்துவிட்டது ஒரு காக்கை.