கை எட்டும் ஓரம்

செய்ன் நதிக்கரையில்
பச்சைப் பெட்டிக்கடை என்னுடையது.
சமையல் புத்தகங்களை யாரும் திருடுவதில்லை.
ஜெனரல்களின் வாழ்க்கை வரலாறுகள்
மழை ஈரத்தில் உப்பி
அப்படியே கிடக்கின்றன.

திருடு போவது அவன் மட்டும்தான்.
எப்போதோ செத்த கடன்காரன்.
சாக்கடையில் கிடந்த நிலவை
அலம்பாமல் எடுத்து எழுதிய முதல் ஆள்.

நவம்பரில் அதிகம்.
பதினேழு வயது விரல்கள், கடித்த நகங்கள்,
நதியைப் பார்ப்பதுபோல ஒரு பாவனை.
நானும் பாலத்தைப் பார்ப்பேன்.

நேற்று ஒருத்தி. ஐம்பது தாண்டியிருக்கும்.
ஆஸ்பத்திரிச் சீருடைமேல் கோட்டு.
"தொண்ணூற்றொன்றில் எடுத்தது" என்றாள்.
அட்டை போன பிரதி,
உள்ளே பென்சிலில் ஒதில் கெர்வெல்லா.
வாங்கக் கை நீட்டினேன்.
தரவில்லை.

நாற்பதாம் பக்கத்தைக் காட்டத்தான் வந்தாளாம்.
இரவு ஷிஃப்ட் முடிந்து ரயிலில்
அதன்மேலேயே கவிழ்ந்து தூங்கி,
எச்சில் ஊறி
ஆறாவது வரி பாதி கரைந்துவிட்டது.
மீதியை நான் சொன்னேன்.
அவளும் சொன்னாள், வேறு மாதிரி.
எது சரியென்று
இன்னொரு பிரதியைப் புரட்ட
இருவருக்குமே தோன்றவில்லை.

அவள் போனபின்
அந்த இன்னொன்றை எடுத்துக்
கை எட்டும் ஓரத்தில் வைத்தேன்.
பாலத்தில் விளக்கு எரியத் தொடங்கியது.
நதியைப் பார்ப்பதுபோல
ஒருவன் வந்துகொண்டிருந்தான்.