பதினாறு

குளச்சலில் இருந்து சாளை வந்த தெர்மோகோல் பெட்டி.
மூன்று முறை கழுவியும் போகவில்லை
கடல்.
நாற்பது வாட்ஸ் பல்பு, ஒரு தெர்மோஸ்டாட்,
ஈரத்துக்கு, ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையில் தண்ணீர்.

பதினாறு முட்டை.
ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் வட்டம்,
பென்சிலால் போட்டேன்.
காலையில் வட்டம், மதியம் பெருக்கல்,
இரவு திரும்பவும் வட்டம்.
பால்வெட்டப் புறப்படும் மூன்று மணிக்கு
ஜெஸ்டஸ் தலைவிளக்கைக் கழற்றி
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்ப்பான்.
"எட்டாம் நாளு. நரம்பு ஓடுது பாரு."
எனக்குத் தெரிந்தது
சிவப்பு நூல் சிக்கல்.

பத்தொன்பதாம் இரவு அருமனையில் காற்று.
கறண்டு போச்சு.
வெந்நீர்க் குப்பிகளைச் சுற்றி அடுக்கி
கம்பளி போர்த்தி
மின்வாரியத்துக்கு அடித்தேன்.
"மரம் விழுந்து கிடக்கு. விடியணும்."
பிறகு, "வீட்டுல சின்னப் பிள்ளைய உண்டா?"
"பதினாறு" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மழை மட்டும்.

முப்பத்தாறு. முப்பத்தைந்தரை.
மூடியைத் திறக்காதே என்று கையிடம் சொல்லிவிட்டு
காதை வைத்தேன்.
உள்ளே யாரோ
நகத்தால் சுவரைச் சுரண்டினார்கள்.

பதினொன்று வந்தன.
முதலில் எண்ணெயில் நனைந்த திரி,
மத்தியானத்துக்குள் பஞ்சு.
அலகைத் தண்ணீரில் தொட்டு விட்டதும்
மேலே பார்த்து விழுங்கின.
பல்படியில் குவிந்தால் குளிர்.
ஓரத்துக்கு ஓடினால் சூடு.
தூங்கினால் நானும் தூங்கலாம்.

மீதி ஐந்தை
உடைத்துப் பாரு என்றான் ஜெஸ்டஸ்.
இன்னும் ஒரு நாள் என்றேன்.
நேற்றும் அதையே சொன்னேன்.
பென்சில் வட்டம்
மேலே பார்த்தபடி இருக்கிறது.